ஒரு நிறத்துக்குப் பூட்டுப் போடலாமா?

உலகத்திலேயே மிகவும் கறுப்பான பொருள் எது?

"அண்டங்காக்கையின் இறகு" என்பார் ஒருவர். "அமாவாசை இருட்டு" என்பார் இன்னொருவர். "எங்கள் வீட்டு வெந்நீர்த் தவலையின் அடிப்பக்கம்" என்று வீட்டு அம்மாள் சொல்லக் கூடும்.

காக்கையின் இறகை வெயிலில் பாருங்கள். நீலமாக மினுங்கும். தவலையின் கரியை விளக்கருகே கொண்டு போனால் சாம்பல் நிறம் தெரியும். அமாவாசை இருட்டோ ஒரு பொருளே அல்ல. கையில் எடுத்துக் காட்ட முடியாது.

அந்த இருட்டையே வெட்டி எடுத்து ஒரு தகட்டில் ஒட்டி வைத்தாற்போல ஒரு பொருளை இங்கிலாந்தில் செய்துவிட்டார்கள். அதன் பெயர் வான்டாபிளாக். 2014-ஆம் வருஷம் ஜூலை மாதம், ஃபார்ன்பரோ என்ற ஊரில் நடந்த விமானக் கண்காட்சியின்போது அது உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. செய்த கம்பெனியின் பெயர் சர்ரே நானோசிஸ்டம்ஸ்.

பொருள் வெளியே வந்த இரண்டு வருஷத்துக்குள் அதை வைத்து ஒரு பெரிய சண்டை மூண்டது. "கலைப் படைப்புகளில் இந்தக் கறுப்பைப் பயன்படுத்தும் உரிமை ஒரே ஒரு மனிதருக்குத்தான்" என்று ஒப்பந்தம் ஆகிவிட்டது! அந்த மனிதர் யார் தெரியுமா? பம்பாயில் பிறந்தவர்!

சோதனைச் சாலைகளிலிருந்து புதுப் புதுப் பொருள்கள் வந்துகொண்டே இருக்கிற காலம் இது. இவற்றை யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்று யார் முடிவு செய்வது? கறுப்புச் சண்டையின் உள்விவரத்தைப் பார்த்தால் இந்தக் கேள்வி நன்றாக விளங்கும்.

பயிர் போல வளரும் கறுப்பு

முதலில் ஒரு விஷயம். ஒரு பொருள் நம் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது? வெளிச்சம் அதன் மேல் விழுகிறது. விழுந்த வெளிச்சத்தில் ஒரு பகுதி திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. வெள்ளைச் சுவர் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கறுப்புக் குடை பெரும் பகுதியை விழுங்கிவிடும். விழுங்கிய வெளிச்சம் சூடாக மாறுகிறது. வெயிலில் வைத்த கறுப்புக் குடையைத் தொட்டால் சுடுவது இதனால்தான்.

ஒரு கணக்குப் பாருங்கள். லட்சம் பங்கு வெளிச்சம் விழுகிறது என்று வைத்துக் கொள்ளுவோம். கடையில் வாங்கும் சாதாரணக் கறுப்புப் பெயின்ட், அதில் சில ஆயிரம் பங்கைத் திருப்பி அனுப்பும். வான்டாபிளாக் எவ்வளவு அனுப்பும்? 35 பங்கு! மீதி 99,965 பங்கும் உள்ளே போனது போனதுதான்.

இது எப்படி முடிகிறது? வான்டாபிளாக்கின் முதல் வகை, டப்பாவில் அடைத்து விற்கும் பெயின்ட் அல்ல. அது வயலில் நெல் வளர்வது போல வளர்க்கப்படுவது. காற்றை எடுத்துவிட்ட ஒரு சூடான அறையில் உலோகத் தகட்டை வைக்கிறார்கள். கரிச் சத்துள்ள வாயுவை உள்ளே விடுகிறார்கள். சுமார் 400 டிகிரி சூட்டில், தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத கரிக் குழல்கள் நாற்று முளைப்பது போல நெட்டுக்கு நெட்டாக முளைக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டரில், அதாவது சுண்டு விரல் நகம் அளவுள்ள இடத்தில், சுமார் 100 கோடி குழல்கள்! தலைமயிர் ஒன்றின் பருமனில் இப்படிப்பட்ட நாலாயிரம் குழல்களை வரிசையாக நிறுத்தலாம்.

அடர்ந்த மூங்கில் காட்டுக்குள் வெளிச்சம் நுழைந்தால் என்ன ஆகும்? ஒரு மூங்கிலில் பட்டு அடுத்த மூங்கிலுக்குப் போகும். அங்கிருந்து இன்னொன்றுக்கு. தரைக்குப் போய்ச் சேருவதற்குள் தேய்ந்து போகும். கரிக் குழல் காட்டுக்குள் நுழைந்த வெளிச்சத்தின் கதியும் இதுதான்.

இந்தக் கரி ஏதோ தேவலோகத்துச் சரக்கு அல்ல. பாட்டிமார் அந்தக் காலத்தில் விளக்குச் சுடருக்கு மேல் தட்டைக் கவிழ்த்துப் புகைக் கரியைச் சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்துக் குழந்தைக்குக் கண்மை இட்டார்களே, அதுவும் கரிதான். பென்சில் முனையும் கரிதான். அணுக்கள் அடுக்கப்பட்ட விதம்தான் வேறு.

எதற்காக இதைச் செய்தார்கள்? அழகுக்காக அல்ல. தொலைநோக்கிக் குழாயின் உள்ளேயும், விண்கலங்களின் கருவிகளுக்குள்ளேயும் வேண்டாத வெளிச்சம் புகுந்து கெடுக்கிறது. அதை விழுங்க ஒரு பூச்சு தேவைப்பட்டது. இந்தக் கறுப்பு முதன் முதலாக விண்வெளிக்குப் போனது 2015 டிசம்பரில். சிங்கப்பூரின் கென்ட் ரிட்ஜ்-1 என்ற செயற்கைக் கோளில், நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை அறியும் கருவிக்குள் அது இருந்தது. அந்தச் செயற்கைக் கோளை ஏற்றிக் கொண்டு போனது நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட். கிளம்பிய இடம் ஸ்ரீஹரிகோட்டா!

கசங்கிய தகடு எங்கே?

விஞ்ஞானிகளுக்கு என்று செய்த பொருளைச் சிற்பிகளும் கட்டடக் கலைஞர்களும் ஏன் மொய்த்துக் கொண்டார்கள்? இங்கேதான் வேடிக்கை.

கம்பெனிக்காரர்கள் ஒரு படம் காட்டினார்கள். இட்லியைச் சுற்றிக் கட்டுகிறோமே, அதைப் போன்ற மெல்லிய அலுமினியத் தகடு ஒன்று. அது நன்றாகக் கசங்கி மேடும் பள்ளமுமாக இருக்கிறது. அதன் நடுவில் இந்தக் கறுப்பு. கறுப்பு இல்லாத ஓரத்தில் கசங்கல் பளிச்சென்று தெரிகிறது. கறுப்பு உள்ள இடத்தில் ஒரு சுருக்கம்கூடத் தெரியவில்லை! தகட்டை அங்கே வட்டமாக வெட்டி எடுத்துவிட்டது போல ஓட்டை மாதிரி இருக்கிறது.

பந்து உருண்டை என்று நமக்கு எப்படித் தெரிகிறது? ஒரு பக்கம் வெளிச்சம், மறு பக்கம் நிழல். அந்த நிழலை வைத்துத்தான் மூக்கு மேடு, கன்னம் பள்ளம் என்று கண் அறிகிறது. வெளிச்சமே திரும்பி வராவிட்டால் நிழல் ஏது? உருவம் ஏது? பந்தின் மேல் இந்தக் கறுப்பைப் பூசினால் அது வட்டமான ஓட்டையாகிவிடும். மனித முகத்துச் சிலையின் மேல் பூசினால் மூக்கும் முழியும் காணாமல் போகும்.

உலகத்தில் இதுவரை சிற்பியின் கைக்குக் கிடைத்த எந்தப் பொருளும் இந்த வேலையைச் செய்யவில்லை. கல், மரம், வெண்கலம், கண்ணாடி எல்லாம் உருவத்தைக் காட்டுகிறவை. உருவத்தை மறைக்கிற பொருள் கிடைத்தால், சிற்பிக்கு ஆசை வராதா?

ஆசைக்கு ஒரு தடையும் உண்டு. குழல்கள் மிக மென்மையானவை. விரலால் தொட்டால் நசுங்கிப் போகும். நசுங்கிய இடம் கறுப்பை இழந்துவிடும். ஆகவே, "இந்தக் கறுப்பில் ஒரு புடவை எடுத்தால் என்ன?" என்று கேட்கும் சகோதரிகள் ஏமாறத்தான் வேண்டும். உட்கார்ந்து எழுந்தால் புடவையின் மகிமை போய்விடும்! நகைக்கும் இதே கதிதான்.

கறுப்பு மாளிகையும் கறுப்புக் காரும்

பிறகு அதே கம்பெனி, தெளிப்பானால் அடிக்கக் கூடிய வகைகளையும் கொண்டு வந்தது. அவற்றில் ஒன்றில் கரிக் குழலே கிடையாது. அதன் கறுப்பு கொஞ்சம் குறைவு. லட்சத்தில் சுமார் ஆயிரம் பங்கு வெளிச்சம் திரும்பி வரும். ஆனால் பெரிய பரப்பில் அடிக்கலாம்.

2018-ஆம் வருஷம் தென் கொரியாவில் பியோங்சாங் நகரில் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. அங்கே ஹுண்டாய் மோட்டார் கம்பெனிக்காக லண்டன் கட்டடக் கலைஞர் ஆசிப் கான் ஒரு மண்டபம் கட்டினார். உயரம் 10 மீட்டர். வெளிச் சுவர்கள் நான்கும் உட்பக்கமாக வளைந்தவை. அவற்றின் மேல் முழுவதும் இந்தக் கறுப்பு. கறுப்பிலிருந்து மெல்லிய கம்பிகள் நீட்டிக் கொண்டிருக்கும். ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் ஒரு சிறு விளக்கு. ஆயிரக் கணக்கான விளக்குகள்!

பட்டப் பகலில், வெள்ளைப் பனிக்கு நடுவே, நட்சத்திரங்கள் நிறைந்த இரவு ஆகாயத்தின் ஒரு துண்டு நிற்பதைப் போல அது இருந்தது. பார்க்கிறவர் நடந்தால், நட்சத்திரங்களும் இடம் மாறுவது போலத் தோன்றும். சுவர் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. உள்ளே போனாலோ நேர் எதிர்: எல்லாம் வெள்ளை, நீர்த் துளிகள் ஓடும் வாய்க்கால்கள். ஒரு புதுப் பொருளைப் புரிந்துகொண்டு செய்த வேலை என்றால் இதுதான். கறுப்பு கறுப்பாக இருக்கிறது என்று காட்ட அவர் மண்டபம் கட்டவில்லை. கறுப்பு எதை மறைக்கும் என்று யோசித்து, சுவரை மறைத்தார்.

அடுத்த வருஷம் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் மோட்டார் கண்காட்சியில் பி.எம்.டபிள்யூ. கம்பெனி ஒரு கறுப்புக் காரைக் கொண்டு வந்து நிறுத்தியது. கதவு எது, மட்கார்டு எது என்று தெரியவில்லை. முன்விளக்குகளும் முகப்புக் கிராதியும் மட்டும் அந்தரத்தில் மிதந்தன. கண்காட்சிக்கு வேடிக்கைதான். ஆனால் இரவு பதினொரு மணிக்குத் திண்டிவனம் சாலையில் அப்படி ஒரு கார் எதிரே வந்தால் என்ன ஆவது? நல்ல வேளை, அது ஒரே ஒரு காட்சிக் கார்தான்.

கண்ணை ஏமாற்றும் கறுப்பு ஆபத்தில்லாதது அல்ல. 2018 ஆகஸ்டில் போர்ச்சுகல் நாட்டில் போர்ட்டோ நகரத்து அருங்காட்சியகத்தில் ஒரு சம்பவம். அங்கே ஒரு சிற்பி, தரையில் இரண்டரை மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி உட்புறம் முழுதும் கறுப்புப் பூசி வைத்திருந்தார். பார்த்தால் குழி என்று தெரியாது. தரையில் வரைந்த கறுப்பு வட்டம் போல இருக்கும். பார்க்க வந்த ஒருவர் உள்ளே விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. அது வான்டாபிளாக் அல்ல. சாதாரணக் கறுப்புச் சாயம்தான். சாதாரணக் கறுப்பே இப்படி என்றால் மற்றதை யோசித்துக் கொள்ளுங்கள்.

அந்தக் குழியைச் செய்த சிற்பிதான் நம் கதையின் முக்கியப் புள்ளி. அவர் பெயர் அனிஷ் கபூர்.

பூட்டு விழுந்தது

அனிஷ் கபூர் 1954-ல் பம்பாயில் பிறந்தவர். வாலிப வயதில் லண்டனுக்குப் போய்ச் சிற்பம் கற்று அங்கேயே தங்கிவிட்டார். 1991-ல் பிரிட்டனின் டர்னர் பரிசு பெற்றார். அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில், பெரிய அவரைக் கொட்டை போலக் கண்ணாடி மாதிரி பளபளக்கும் எஃகுச் சிற்பம் இருக்கிறதே, அது அவர் செய்ததுதான். 2012-ல் இந்திய சர்க்கார் அவருக்குப் பத்ம பூஷண் விருது கொடுத்தது. வெறுமை, பள்ளம், ஆழம் இவற்றையே அவர் பல காலமாகச் சிற்பமாகச் செய்து வந்திருக்கிறார். குழி சிற்பம் 1992-லேயே செய்தது. ஆகவே, அவருக்கு இந்தக் கறுப்பின் மேல் ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை.

2016-ல் செய்தி வெளியாயிற்று. வான்டாபிளாக்கைக் கலைப் படைப்புகளில் பயன்படுத்தும் உரிமையைக் கம்பெனி, கபூரின் கலைக்கூடத்துக்கு மட்டுமே கொடுத்துவிட்டது. வேறு எந்த ஓவியரும் சிற்பியும் அதைத் தொடக் கூடாது!

ஓவியர் உலகம் கொதித்தது. "நிறம் ஒருவருக்குச் சொந்தமா? நாளைக்கு ஆகாய நீலத்தையும் ஒருவர் வாங்கிக் கொள்வாரா?" என்ற கூச்சல் கிளம்பியது.

பிரிட்டிஷ் ஓவியர் ஸ்டூவர்ட் செம்பிள் கூச்சலோடு நிற்கவில்லை. அதே வருஷம் நவம்பரில் அவர் ஒரு பளீர் இளஞ்சிவப்புப் பொடியைத் தயாரித்து விற்பனைக்கு வைத்தார். விலை 3.99 பவுன், அன்றைய கணக்கில் முந்நூறு ரூபாய்க்குச் சற்று மேல். யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: வாங்குகிறவர் "நான் அனிஷ் கபூர் அல்ல, அனிஷ் கபூருக்கு வேண்டியவனும் அல்ல, இந்தப் பொடி அவர் கைக்குப் போகாது" என்று உறுதி சொல்ல வேண்டும்!

ஆனால் பொடி அவர் கைக்குப் போய்விட்டது. அடுத்த மாதமே கபூர், தம் நடு விரலை அந்தப் பொடியில் தோய்த்து, மரியாதைக் குறைவான சைகையில் நீட்டிப் படம் வெளியிட்டார். அறுபது வயது தாண்டிய பெரிய மனிதர் செய்கிற காரியமா இது? எதிர்க் கட்சியின் குறும்புக்கும் ஓர் அளவு வேண்டும்தான். எப்படியோ, பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம்.

செம்பிள் பிறகு உருப்படியான வேலையில் இறங்கினார். சிற்பியோ சிறுவனோ, யாரும் தூரிகையால் பூசக் கூடிய கறுப்புப் பெயின்டை உண்டாக்கினார். பல கலைஞர்களிடம் கொடுத்துப் பூசிப் பார்க்கச் சொல்லித் திருத்தினார். 2017-ல் ஒன்று, 2019-ல் அதைவிடக் கறுப்பாக இன்னொன்று. 2020-ல் ஜப்பானில் கோயோ ஓரியன்ட் என்ற கம்பெனி மற்றொரு கறுப்புப் பெயின்டை விற்பனைக்கு விட்டது. அதில் பட்ட லட்சம் பங்கு வெளிச்சத்தில் சுமார் 600 பங்குதான் திரும்பும். வான்டாபிளாக்குக்கு இவை ஈடல்ல. ஆனால் கடையில் கிடைக்கின்றன!

யார் பக்கம் நியாயம்?

கம்பெனியின் பக்கமும் கொஞ்சம் கேட்போம்.

அவர்கள் ஓவியச் சாமான் வியாபாரிகள் அல்ல. விண்கலக் கருவிகளுக்குப் பூச்சுச் செய்யும் சிறிய தொழில் நுட்ப நிறுவனம். குழல்களை வளர்க்கத் தனி உலை வேண்டும்; பழகிய ஆட்கள் வேண்டும். ஆயிரம் ஓவியர்கள் வந்து வாசலில் நின்றால் அவர்களால் சமாளிக்க முடியாது. "ஒரே ஒரு கலைஞரோடு வேலை செய்து பார்க்கிறோம், மற்றத் தொழில்களுக்கு இந்தத் தடை கிடையாது" என்பது அவர்கள் வாதம். அதனால்தான் மண்டபத்துக்கும் காருக்கும் அந்தக் கறுப்பு கிடைத்தது. ஓவியருக்கு மட்டும் இல்லை!

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பேட்டன்ட் உரிமை வேறு. இந்த ஒப்பந்தம் வேறு. பேட்டன்ட் என்பது சர்க்காருக்கும் கண்டுபிடித்தவருக்கும் நடக்கும் ஒரு பேரம். "உன் வித்தையை ஒளிக்காமல் எழுதிக் கொடு; 20 வருஷத்துக்கு உனக்கு மட்டும் உரிமை; அப்புறம் ஊருக்குப் பொது." நம் நாட்டுச் சட்டமும் இதுதான். பாடுபட்டவனுக்குப் பலன் கிடைக்கிறது. ஊருக்கு வித்தை கிடைக்கிறது. இதில் குறை சொல்ல அதிகம் இல்லை.

1960-ல் பிரெஞ்சு ஓவியர் ஈவ் கிளைன், தாம் கலக்கிய ஆழ்ந்த நீலத்தின் செய்முறையைப் பாரிஸில் பதிவு செய்தார். அதை வைத்துக் கபூருக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் உண்டு. அது பொருந்தாது. கிளைன் தாமே ஒரு வியாபாரியோடு சேர்ந்து தேடிக் கண்ட செய்முறை அது. கபூர் வான்டாபிளாக்கைக் கண்டுபிடிக்கவில்லை. வாசலில் நின்று மற்றவர்களுக்குக் கதவைச் சாத்தும் உரிமையைத்தான் பெற்றார்.

சரி, பெற்ற உரிமையை வைத்து என்ன செய்தார்? 2016-ல் சுவிஸ் கடிகாரக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து பத்தே பத்துக் கைக்கடிகாரங்கள் வெளியாயின. ஒன்றின் விலை 95,000 டாலர். அன்றைக்கு அறுபது லட்ச ரூபாய்க்கு மேல். அந்தக் கறுப்பில் அவர் செய்த சிற்பங்களை உலகம் பார்த்தது 2022-ல், இத்தாலியில் வெனிஸ் நகரத்தில். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வைத்திருந்தார்கள். நேரே நின்று பார்த்தால் தட்டையான கறுப்பு வட்டம், கறுப்புச் சதுரம். பக்கவாட்டில் நகர்ந்தால் அது முன்னே பிதுங்கி நிற்பது தெரியும். பார்த்தவர்கள் அசந்து போனார்கள். அதில் சந்தேகம் இல்லை. அவர் கை தேர்ந்த கலைஞர்தான்.

ஆனால் நடுவே ஆறு வருஷம் ஓடிவிட்டது. அந்த ஆறு வருஷத்தில் ஒரு நாடகக் கொட்டகைக்காரர் இந்தக் கறுப்பை வைத்து என்ன செய்திருப்பார்? சினிமா செட் போடுகிறவர்? மாமல்லபுரத்தில் உளி பிடிக்கிற ஒரு வாலிபன்? தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் போயிற்று. ஒரு புதுப் பொருளால் என்னென்ன செய்யலாம் என்பது அதைச் செய்தவருக்கே தெரியாது. நூறு பேர் கையில் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கம்பெனி ஒரு சிற்பியைத் தேர்ந்தெடுத்ததில் தப்பில்லை. மற்றவர்கள் எல்லோரையும் தள்ளியது குறுகிய புத்தி என்பதே நம் அபிப்பிராயம்.

உப்பு செய்த வேலை

இதற்குள் அமெரிக்காவில் வேறொன்று நடந்தது. எம்.ஐ.டி. என்ற பெயர் பெற்ற கலாசாலையில். (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, இது மாசசூசெட்ஸ்.)

அங்கே பிரையன் வார்டில் என்ற பேராசிரியரும், கெஹாங் சுய் என்ற ஆராய்ச்சியாளரும் கறுப்பைத் தேடவில்லை. அலுமினியத் தகட்டின் மேல் கரிக் குழல் வளர்த்து, மின்சாரம் நன்றாக ஓடச் செய்ய வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். அலுமினியம் காற்றுப் பட்டவுடன் மேலே ஒரு மெல்லிய படலம் கட்டிக் கொள்ளும். அது மின்சாரத்துக்குத் தடை. அந்தப் படலத்தை எப்படி நீக்குவது? உப்பு! உப்புக் கரைசலில் ஊறப் போட்டுப் படலத்தைக் கரைத்தார்கள். பிறகு உலையில் குழல்களை வளர்த்தார்கள்.

தகட்டை எடுத்துப் பார்த்தால் என்றும் இல்லாத கறுப்பு! அளந்தார்கள். லட்சம் பங்கில் 5 பங்கு வெளிச்சம்தான் திரும்பியது. வான்டாபிளாக்கின் 35 எங்கே, இந்த 5 எங்கே!

2019 செப்டம்பரில் அதை வெளியிட்ட விதமும் வேடிக்கையானது. டீமுட் ஸ்ட்ரீபே என்ற பெண் கலைஞர் அவர்களோடு சேர்ந்து, 16.78 காரட் மஞ்சள் வைரம் ஒன்றை அந்தக் கரிக் குழல்களால் மூடி, நியூயார்க் பங்கு மார்க்கெட்டில் காட்சிக்கு வைத்தார். வைரத்தின் மதிப்பு 20 லட்சம் டாலர். சுமார் 14 கோடி ரூபாய். வைரமும் கரி, மேலே பூசியதும் கரி. ஆனால் ஜொலிப்பு போன இடம் தெரியவில்லை. கறுப்புக் கட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. பதினாலு கோடியை இப்படியா பாழாக்குவது என்று நகைக்கடைக்காரர்கள் வயிற்றில் அடித்துக் கொண்டிருப்பார்கள்!

அதைவிட முக்கியம் அவர்கள் சேர்த்துச் சொன்ன செய்தி: வியாபார நோக்கம் இல்லாமல் கலைக்குப் பயன்படுத்துகிற எந்தக் கலைஞரும் இந்த முறையைக் கையாளலாம். ஒருவருக்கு மட்டும் என்ற பேச்சே இல்லை. இங்கேயும் உலை வேண்டும், வசதியுள்ள சோதனைச் சாலை வேண்டும். வீட்டு அடுப்பில் முடியாது. ஆனாலும் "கேட்டால் கிடைக்கும்" என்பதற்கும் "கேட்கவே கூடாது" என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு.

வான்டாபிளாக் கம்பெனியும் சும்மா இல்லை. இப்போது ஆகாயத்தில் செயற்கைக் கோள்கள் பெருகிவிட்டன. அவை சூரிய வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால், தொலைநோக்கிப் படங்களில் வெள்ளைக் கோடுகள் விழுகின்றன. வான நூல் ஆராய்ச்சி கெடுகிறது. செயற்கைக் கோளின் மேலேயே கறுப்புப் பூசிவிட்டால்? வான்டாபிளாக் 310 என்ற புதிய பெயின்டைச் சர்ரே பல்கலைக் கழகத்தோடு சேர்ந்து செய்திருக்கிறார்கள். 2026-ல் ஜோவியன்-1 என்ற சிறு செயற்கைக் கோளில் வைத்துச் சோதிக்கத் திட்டம் என்று 2025-ல் அறிவித்தார்கள். செயற்கைக் கோள் செய்கிற கம்பெனிகள் தங்கள் கூடங்களிலேயே பூசிக் கொள்ளக் கூடிய பெயின்ட் இது. 2014-ல் உலைக்குள் பூட்டி வளர்த்த கறுப்பு, டப்பாவுக்கு வந்துவிட்டது பாருங்கள்!

கீழடிப் பானை

கரிக் குழல் என்றால் ஏதோ மேல்நாட்டுச் சங்கதி என்று எண்ண வேண்டாம். 2020 நவம்பரில் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில், வேலூர் வி.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று கட்டுரை வெளியிட்டது. சிவகங்கை மாவட்டம் கீழடியில் தோண்டி எடுத்த பானை ஓடுகளைச் சக்தி மிக்க நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். பானையின் உட்புறத்துக் கறுப்புப் பூச்சில் கரிக் குழல்கள் இருந்தன! அந்தக் கட்டுரையின் கணக்குப்படி அந்த ஓடுகள் கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

ஏதோ ஒரு செடியின் சாற்றையோ குழம்பையோ பானைக்குள் பூசி மிகுந்த சூட்டில் சுட்டிருக்கலாம்; அதில் குழல்கள் உண்டாகியிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். இரண்டாயிரத்து அறுநூறு வருஷம் மண்ணுக்குள் கிடந்தும் அந்தப் பூச்சு உரியவில்லை என்றால் பாருங்களேன்!

"ஆகா, வெள்ளைக்காரனுக்கு முன்பே நாம் கண்டுபிடித்துவிட்டோம்" என்று மேடையில் முழங்கச் சிலர் கிளம்பிவிடுவார்கள். அது சரியல்ல. அந்தக் குயவருக்குக் கரிக் குழல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அவருடைய கறுப்பு, உருவத்தை மறைக்கிற கறுப்பும் அல்ல. அவருக்குத் தெரிந்தது நல்ல பானை செய்ய. அதைத் தெளிவாகத் தெரிந்து வைத்திருந்தார். பக்கத்துச் சூளைக்காரருக்கும் தெரிந்திருந்தது. கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகள் கீழடியில் மட்டுமல்ல, நாட்டின் எத்தனையோ ஊர்களில் கிடைக்கின்றனவே!

டமாஸ்கஸ் வாளின் கதை வேறு மாதிரி. தென்னாட்டிலிருந்து போன உருக்குக் கட்டிகளை அடித்து மேற்கு ஆசியக் கொல்லர்கள் செய்த வாள்கள் அவை. 2006-ல் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து விஞ்ஞானிகள் அப்படிப்பட்ட ஒரு பழைய வாளிலும் கரிக் குழல்களைக் கண்டார்கள். ஆனால் அந்த வாளை அடிக்கும் வித்தை சில பட்டறைகளுக்குள்ளேயே இருந்தது. உருக்கு வரவு நின்றது, துப்பாக்கி வந்தது, வித்தை தெரிந்தவர்களும் போனார்கள். காலப்போக்கில் அதைச் செய்யத் தெரிந்தவர் இல்லாமல் போயினர். விஞ்ஞானிகள் பழைய வாளை அறுத்துப் பார்த்துத்தான் வித்தையை ஊகிக்க வேண்டியிருக்கிறது.

மதுரைப் பக்கம் போகிறவர்கள் கீழடி அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போய் வரலாம். 2023 மார்ச்சில் திறந்தார்கள். கறுப்பு-சிவப்புப் பானைகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் வெளிப்புறத்துச் சிவப்பைப் பார்த்துவிட்டு ஓடிவிடுவார்கள். கையைப் பிடித்து நிறுத்தி, உட்புறத்தையும் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.